வீட்டுப்பெயரும் குடிபெயர்வும்: பிச்சாட்டூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

ஆரணியாற்று நீர்த்தேக்கம் அமைந்துள்ள பிச்சாட்டூர், தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக உடன்வழங்கும் எல்லை வட்டாரத்து ஊராகும். தமிழில் ‘பிச்சாட்டூர்’ என முடிவது தெலுங்கில் ‘பிச்சாட்டூரு’ என உகர ஈறு பெறுகிறது. புத்தூர், சித்தூர் ஆகியனவும் இவ்வாறே வழங்குகின்றன. ஊர்ப்பெயர்கள் இரு வடிவம் பெறும் இப்பகுதியில், மக்கட்பெயர்களின் முன்னொட்டும் இரு மரபினது. அவற்றுள் ‘இன்டிப்பேரு’ எனப்படும் வீட்டுப்பெயர் குடிபெயர்வு வரலாற்றுக்கு எவ்வாறு சான்றாகிறது என்பதை, இவ்வட்டாரத்தை அடுத்த திருத்தணியில் வாழ்ந்த சர்வபள்ளிக் குடும்பத்தின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைத் தலைப்பெழுத்து

தமிழர் வழக்கில் பெயருக்கு முன்னிற்கும் எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். எனவே தலைமுறைதோறும் மாறும். தெலுங்கர் வழக்கில் அது வீட்டுப்பெயரைக் குறிக்கும். எனவே தந்தைவழியில் மாறாது தொடரும். ஊர், தொழில், முன்னோர் பெயர் எனப் பலவற்றின் அடியாக வீட்டுப்பெயர்கள் தோன்றியுள்ளன. அவற்றுள் ஊரடியாகப் பிறந்தனவே இங்குக் கருதத்தக்கன.

சர்வபள்ளிக் குடும்பம்

இந்தியக் குடியரசுத் தலைவராக 1962 முதல் 1967 வரை விளங்கிய இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்தார். அவர்தம் தந்தையார் வீராசாமி. மகன் வரலாற்றறிஞர் கோபால். தமிழ் மரபின்படி நோக்கின் இராதாகிருஷ்ணனுக்கு ‘வீ’ என்பதும், கோபாலுக்கு ‘இரா’ என்பதும் தலைப்பெழுத்தாதல் வேண்டும். ஆயின் தந்தையும் மகனும் ‘எஸ்’ என்னும் ஒரே எழுத்தையே கொண்டனர். அவ்வெழுத்து நெல்லூர்ப் பகுதியிலுள்ள ‘சர்வேபள்ளி’ என்னும் சிற்றூரைக் குறிப்பது. அவர்தம் முன்னோர் அவ்வூரினின்று தெற்கே குடிபெயர்ந்தவர்கள்.

இங்குத் தமிழ் ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ‘பள்ளி’ என்பது தெலுங்கு ஊர்ப்பெயர்களில் சிற்றூரைச் சுட்டும் ஈறு. இன்றைய தமிழ் வழக்கில் அச்சொல் கல்விக்கூடத்தையே முதலில் நினைவூட்டுகிறது. பேராசிரியராக வாழ்ந்த ஒருவரின் பெயரில் அமைந்தமையால் இப்பெயருக்குக் கல்வியோடு தொடர்பு கற்பிக்க இடமுண்டு, அது பொருந்தாது.

விட்ட ஊரும் சேர்ந்த ஊரும்

ஓர் ஊரில் வாழ்வோர் அனைவருக்கும் அவ்வூர்ப் பெயர் பொதுவாதலின், அங்கு அஃது ஒரு குடும்பத்தைப் பிரித்துக் காட்ட உதவாது. பிறிதோர் ஊரில் குடியேறிய பின்னரே ‘இன்ன ஊரார்’ என்பது அடையாளமாகும். ஆகவே ஊரடியாகப் பிறந்த வீட்டுப்பெயர், வாழும் ஊரைவிட விட்டுவந்த ஊரையே பெரும்பாலும் காட்டும் எனலாம். இராதாகிருஷ்ணன் திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய ஊர்களில் பயின்று, மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு எனப் பல இடங்களில் பணியாற்றியபோதும், அவ்விடங்களுள் எதுவும் அவர்தம் பெயரில் ஏறவில்லை.

தமிழகத்துப் பெயரடைகளோ வேறு வகையாகவும் அமையும். திருவாரூரில் 1767இல் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரின் வீட்டுப்பெயர் ‘காகர்ல’. அது முன்னோர் விட்டுவந்த ஆந்திர நாட்டு ஊரின் பெயர். அவர்தம் மாணாக்கர் வெங்கடரமண பாகவதர் தஞ்சையை அடுத்த ஐயம்பேட்டையில் வாழ்ந்தவர். ஆயினும் பின்னர்க் குடியேறிய வாலாஜாபேட்டையே அவர் பெயருக்கு அடையாயிற்று. ஆசிரியர் பெயரில் விட்ட ஊரும் மாணாக்கர் பெயரில் சேர்ந்த ஊரும் நிற்கின்றன. இவ்வேறுபாட்டை உணராது, பெயரிலுள்ள ஊரையெல்லாம் பிறந்த ஊராகக் கொள்வது வரலாற்றுப் பிழைக்கு வழிவகுக்கும்.

எல்லையும் பெயரும்

இராதாகிருஷ்ணன் பிறந்தபோது வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது; 1953இல் ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று; ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பிச்சாட்டூரோ ஆந்திரத்திலேயே நின்று, 2022இல் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆட்சி எல்லைகள் இடம்பெயர்ந்தன. வீட்டுப்பெயர் இம்மாற்றங்கள் எதனையும் பதிவு செய்வதில்லை. எனவே வீட்டுப்பெயரைக் கொண்டு ஒரு நிலப்பகுதி எம்மொழியாருக்கு உரியது என நிறுவ முயல்வது பொருந்தாது. அது ஒரு குடும்பம் நடந்த வழியைக் காட்டுமேயன்றி, மண்ணுக்கு உரிமை கூறாது.

ஒரே வீட்டுப்பெயர் பல சாதியாரிடம் வழங்குவதும் உண்டு. ஓர் ஊரிலிருந்து பல சாதியாரும் வெளியேறியிருத்தல் கூடும் ஆதலின், பெயரொற்றுமை மட்டும் குருதியுறவுக்குச் சான்றாகாது.

முடிவுரை

‘பிச்சாட்டூர்’ என்பதை வீட்டுப்பெயராகக் கொண்ட குடும்பத்தைத் தேட விழையும் ஆய்வாளர், மேற்கண்ட முறைப்படி, அவ்வூருக்கு வெளியிலேயே முதற்கண் தேடுதல் வேண்டும். பிச்சாட்டூரில் வழங்கும் ஊரடி வீட்டுப்பெயர்களோ அவ்வூருக்கு வந்தோரின் வழிகளைப் பெரிதும் காட்டக்கூடும். இவ்வீட்டுப்பெயர்களைக் காத்துவந்தது பெரிதும் மணவழக்கமே. ஒரே சமூகத்துள் ஒரே வீட்டுப்பெயருடையோரைப் பங்காளிகளாகக் கொண்டு மணம் விலக்கும் மரபினர், பெண் கேட்கும்போது முதலில் வினவுவது அப்பெயரையே. பள்ளிப் பதிவேட்டில் அது ஓரெழுத்தாகச் சுருங்கும்போதும், தந்தை பெயரின் முதலெழுத்துக்கு இடம்கொடுத்து மறையும்போதும், எழுதப்படாத ஒரு பயணக் குறிப்பு அழிகிறது. அவ்வெழுத்தின் விரிவை அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே, திருமண அழைப்பிதழ், நிலப்பத்திரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஊர்தோறும் வீட்டுப்பெயர்களைத் தொகுத்தல் இன்றியமையாத பணியாகும்.