பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) பல்லவர் காலத்தைக் களமாகக் கொண்டு எழுதிய இரு தொடர்கதைகள். இரண்டையும் இணைப்பவர் மாமல்லர் என்ற முதலாம் நரசிம்மவர்மர். ஒன்றில் அவர் வயதுவந்த மகளுக்குத் தந்தை. மற்றதில் சிற்பியின் மகளிடம் மனத்தைக் கொடுத்த இளவரசர். எழுதப்பட்ட வரிசையும் கதை நடக்கும் வரிசையும் தலைகீழானவை. தந்தையின் கதை முதலில் வந்தது. அவரது இளமைக் கதை பிறகுதான் வந்தது.

தொடர்கதையையும் திரையையும் கல்கி இவற்றுக்கு முன்பே இணைத்திருந்தார். 1939இல் வெளியான அவரது ‘தியாகபூமி’யைக் கே. சுப்பிரமணியம் படமாக்கிக்கொண்டிருந்தபோதே அது ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. வழக்கமான ஓவியங்களின் இடத்தில் படக்காட்சிகளின் புகைப்படங்கள் அச்சாயின. 1941இல் டி. சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தமாகக் ‘கல்கி’ இதழைத் தொடங்கியதும், அதே ஆண்டு அதில் ‘பார்த்திபன் கனவு’ ஆரம்பமாகி 1943 வரை ஓடியது. ‘சிவகாமியின் சபதம்’ 1944இல் தொடங்கி 1946இல் முடிந்தது.

முதல் கதையில் காதல் எளிமையானது. பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்துப் போர்க்களத்தில் மடிகிறான் உறையூர்ச் சோழன் பார்த்திபன். அவன் மகன் விக்கிரமன் கைதியாகக் கொண்டுவரப்படும்போது பல்லவன் மகள் குந்தவி அவனைப் பார்த்துவிடுகிறாள். பகைவன் மகளுக்கும் பகைவன் மகனுக்கும் இடையே மலரும் அந்த அன்பு, நாடுகடத்தலையும் ஆள்மாறாட்டத்தையும் தாண்டித் திருமணத்தில் நிறைகிறது.

‘சிவகாமியின் சபதம்’ வேறு உயரத்தில் நிற்கிறது. ஆயனச் சிற்பி அஜந்தாவின் அழியா வண்ண ரகசியத்தைத் தேடித் தவிப்பவர். அவர் மகள் சிவகாமி நடனத்தில் இணையற்றவள். சாளுக்கியத் தலைநகரான வாதாபிக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட அவள், தன்னை மீட்க மாமல்லரே இரகசியமாக வந்து அழைத்தபோதும் புறப்பட மறுக்கிறாள். மாமல்லர் அந்நகரை எரித்து, பகைவரை வென்ற பின்பே வெளியேறுவேன் என்பது அவள் சபதம். அது நிறைவேற ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காஞ்சிக்குத் திரும்பியவள் பட்டத்தரசியுடனும் குழந்தைகளுடனும் மாமல்லரைக் காண்கிறாள். பிறகு ஏகாம்பரநாதர் சந்நிதியில் இறைவனையே மணாளனாக வரித்துத் தாலி கட்டிக்கொண்டு ஆடுகிறாள். சபதம் நிறைவேறியதே அவள் காதலுக்கு முடிவாயிற்று. தமிழ்த் தொடர்கதைகளில் இவ்வளவு துணிவான முடிவுகள் அரியவை. வாரக்கணக்கில் காத்திருந்து படித்த வாசகருக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டு அனுப்பக் கல்கி மறுத்தார்.

சிவகாமி கற்பனைப் பாத்திரம். அவளைச் சுற்றியுள்ள போர் கற்பனையல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடுகள் மாமல்லரின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தவை. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் சாளுக்கிய மன்னன் புலிகேசி தோற்றதையும், புறங்காட்டி ஓடிய அவன் முதுகையே ஏடாக்கி நரசிம்மவர்மர் ‘விஜயம்’ என்று எழுதியதையும் அவை பாடுகின்றன. வாதாபி வீழ்ந்தது 642 வாக்கில். அந்நகரைத் துகளாக்கிய தளபதியே பின்னர் சிறுத்தொண்டரானார் என்கிறது பெரியபுராணம். கல்கியின் நாவலில் வரும் தளபதி பரஞ்சோதி அங்கிருந்து வந்தவர். மணிமங்கலமும் கூரமும் இன்றும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களே. ராஜகுளத்திலோ உத்திரமேரூர்ப் பக்கத்திலோ இருந்து இக்கதையைப் படிப்பவருக்குப் போர்க்களம் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்து ஆண்டுக் கணக்கைவிட இந்த அண்மைதான் பல்லவர்களை உயிருள்ள மனிதர்களாக ஆக்குகிறது.

திரைக்குப் போனது மூத்த நாவல். டி. யோகானந்த் இயக்கிய ‘பார்த்திபன் கனவு’ 1960இல் வந்தது. விக்கிரமனாக ஜெமினி கணேசன், குந்தவியாக வைஜெயந்திமாலா, நரசிம்மவர்மராக எஸ்.வி. ரங்காராவ் நடித்தனர். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. 2003இல் கரு. பழனியப்பன் எடுத்த அதே பெயர்ப் படம் தலைப்பை மட்டும் கடன் வாங்கிய தற்காலக் கதை.

இளைய நாவல் மேடையைத் தேடிக்கொண்டது. அதன் நாயகி நடனமணி என்பதால் நாட்டிய நாடகக் குழுக்கள் மீண்டும் மீண்டும் இக்கதையை எடுத்து ஆடின. இது பொருத்தமே. நாவலில் சிவகாமியின் பெருமிதமும் ஆற்றாமையும் பேச்சைவிட அபிநயத்தில்தான் வெளிப்படுகின்றன. எழுத்து அதை விவரிக்க வேண்டியிருக்கிறது, மேடையில் அது நேரே நிகழ்கிறது.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் இரண்டையும் மலிவு விலையில் அச்சிட்டன. மதுரைத் திட்டம் மின்னூலாக்கியது. பாம்பே கண்ணன் குழுவினர் பல குரல்களில் ஒலிநூலாகத் தந்ததால், எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் முதியோரிடமும் கதை போய்ச் சேர்ந்தது.

புதிதாகப் படிக்க வருபவர்களிடம் ‘சிவகாமி’யில் தொடங்கும்படி பலர் சொல்வதுண்டு, காலவரிசை அதுதான். ஆனால் கல்கி எழுதிய வரிசையே மேல். விக்கிரமனையும் குந்தவியையும் சேர்த்துவைக்கச் சிவனடியார் வேடமிட்டு அலைகிற சக்கரவர்த்தியை முதலில் அறிந்துகொண்டு, அவர் தம் இளமையில் யாரை இழந்தார் என்பதைப் பிறகு படித்தால், அந்த வேடத்துக்கே வேறு காரணம் தெரியவரும்.