வாணியம்பாடித் தோல் தொழிலும் உலகப் பொது அளவைகளும்

உலகிற்கெல்லாம் ஒரே அளவை வேண்டும் என்பார் உளர். அவ்வவ்விடத்திற்கு ஏற்ற அளவையே சாலும் என்பாரும் உளர். இவ்விரு சாராரும் காட்டும் நன்மை தீமைகளைப் பாலாற்றங்கரை வாணியம்பாடியின் தோல் தொழில் வரலாற்றில் ஒருங்கே காணலாம்.

பண்டு இப்பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டனர். பட்டையின் துவர்ப்பே தோலை அழுகாமற் காத்தது. இங்ஙனம் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரால் இலண்டன் சந்தையை அடைந்தது. 1972இல் சீதாராமையா குழு, அரைப்பதத் தோலினும் முழுமையாக்கிய தோலையும் தோற்பொருளையும் ஏற்றுமதி செய்தலே நாட்டிற்கு ஆக்கம் தரும் எனப் பரிந்துரைத்தது. அதன்பின் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. குரோமிய உப்பாற் பதனிடும் முறை பரவிற்று. பட்டைமுறையில் பல வாரம் கொண்ட பணி சில நாட்களில் முடிந்தது. ஆனால் குரோமியம் கலந்த கழிவுநீரும் உடன் பெருகிற்று.

பொருளை வாங்கும் நாடுகள் தம் அளவைகளை விதிக்கத் தொடங்கியது இதற்குப் பின்னரே. தோலிற் பூஞ்சணம் பிடியாதிருக்க இட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் மருந்தை 1989 இறுதியில் ஜெர்மனி தடுத்தது. அடுத்துச் சில அசோ சாயங்கள் விலக்கப்பட்டன. தோலிற்படும் தோற்பொருளில் ஆறிணைதிறக் குரோமியம் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமை எட்டலாகாது என்பது 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியாகும்.

இவற்றால் விளைந்த நன்மையை மறுத்தல் இயலாது. நஞ்சு, காலணியை அணிவார்க்கு முன்னரே, அதனைக் கையாளும் தொழிலாளரைத் தாக்குவதாகும். அயல்நாட்டு விதி வந்த பின்னரே நம் நாட்டிலும் அப்பொருள்கள் விலக்கப்பட்டன. ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. இவ்வளவைகள் கப்பலேறும் பொருளை ஆய்ந்தன. அப்பொருள் பிறந்த ஆற்றை ஆய்ந்தில. குற்றமற்றது எனச் சான்று பெற்ற தோலே, தான் பதனிடப்பட்ட ஊரின் கிணற்றை உவராக்கியிருத்தல் கூடும்.

ஆற்றின் பொருட்டு எழுந்த குரல் வேறு வழியில் வந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வு அத்தீர்ப்பிற் சுட்டப்பெற்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என நீதிமன்றம் கொண்டது. இவை 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டு அறிக்கையில் இடம்பெற்றவை. உலகப் பொதுமை இங்கு வணிகர்க்கன்றி உழவர்க்குத் துணையாயிற்று.

எனினும் பொது அளவையின் குறையும் இங்கேயே புலப்படும். தூய்மை செய்த கழிவுநீரிற் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது விதி. ஆண்டு முழுதும் நீரோடும் ஆற்றில் அவ்வுப்பு கலந்து நீர்த்துப்போகும். பெரும்பாலும் மணலாய்க் கிடக்கும் பாலாற்றிலோ அது நிலத்தடியில் இறங்கித் தங்கும். எண் ஒன்றாயினும் விளைவு ஒன்றன்று. மேலும், உப்பைப் பிரித்து நீரை மீட்கும் பொறிகளுக்கு ஆகும் செலவைப் பெருமுதலாளர் தாங்குவர். சிறு தோல் மண்டியினர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நம்பியே நிற்பர். வாங்குவோர் விதியைக் கூட்டுகின்றனரேயன்றி, அதற்கேற்ப விலையைக் கூட்டக் கடமைப்பட்டாரல்லர்.

2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம், ஈடு பெறாத மக்களுக்கு அதனை வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியவரிடம் பெறுமாறு அரசைப் பணிக்க நேர்ந்தது. முதல் தீர்ப்பிற்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தமை, கோட்பாட்டை ஏற்றல் எளிது, அதனை ஊரில் நிலைநாட்டல் அரிது என்பதைக் காட்டும்.

ஆதலின், நஞ்சு இன்னது என வரையறுத்தற்கு உலக அளவை வேண்டும். உடற்கூறு நாட்டுக்கு நாடு வேறுபடுவதன்று. ஆற்றிற்கு எவ்வளவு விடலாம் என்பதை அவ்வாற்றின் நீர்வளம் நோக்கி வகுத்தல் வேண்டும். அவ்விரண்டையும் காத்தற்கு ஆகும் செலவில் காலணியை அணிவார்க்கும் பங்குண்டு. இம்மூன்றும் ஒருங்கமையாதவரை, அளவை உலகினதாகவும் இழப்பு பாலாற்றங்கரையினதாகவுமே இருக்கும்.