செத்த குதிரைக்கும் காசு

சின்ன வயசில எனக்குப் பேயை விடக் குதிரைக்குத்தான் பயம். சும்மா குதிரை இல்லை, ராத்திரியில வேற ஏதோவாகி எழும்புற குதிரை. சைவசமயப் பாடத்தில மாணிக்கவாசகர் கதை படிச்ச அன்றைக்குத் தொடங்கினது. பகல்ல வரிசையாக வந்து நின்ற குதிரைகள் நடுச்சாமத்தில நரியாகி, லாயத்தில ஏற்கெனவே நின்ற குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுதாம். பேலியகொடையில விடிய விடிய மீன் லொறி போகும். ஒவ்வொரு சத்தத்துக்கும் போர்வைக்குள்ள போயிடுவேன். "அது சிவபெருமான்ட விளையாட்டு, பயப்பிடாத" என்பா அம்மம்மா. அனுப்பினதே அவர் என்றால் யாரிட்டப் போய்ச் சொல்றது?

கம்பஸ் வந்து குதிரை வியாபாரம் பற்றி வாசிக்கும்போதுதான் இந்தப் பயம் எனக்கு மட்டும் உரியதில்லை என்று பட்டது.

தமிழ்நாட்டில் நல்ல போர்க்குதிரை பிறப்பது குறைவு. பட்டினப்பாலை காலத்திலேயே அவை கப்பலில் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் பாரசீக வளைகுடாவிலிருந்து வாங்கினார்கள். ஒரு குதிரை 220 பொன் தினார், வழியில் செத்தாலும் அரசன் பணம் கொடுக்கவேண்டும் என்று பாரசீகரான வசாஃப் எழுதுகிறார். வருடத்துக்கு 10,000 குதிரை என்று அவர் சொல்வது கொஞ்சம் கூடத்தான். வந்து சேர்ந்தவையும் நிலைக்கவில்லை. இறைச்சியும் சோறும் அவித்துப் போட்டார்கள், வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் வரவே விடவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை செத்தால்தானே அடுத்த வருசமும் விற்கலாம்! பிறகு விஜயநகரத்தில் சாளுவ நரசிம்மன், கடலில் செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே முழு விலையும் கொடுத்தான் என்று போர்த்துக்கேயரான நூனிஸ் எழுதினார்.

இப்போது கதைக்கு வாங்க. திருவிளையாடலில் சிவன் குதிரை வியாபாரியாக வந்து, கயிறு மாற்றிக் கொடுத்து, இனி நமக்குள் வழக்கில்லை என்கிறார். பக்திக் கதைக்குள் ஒரு விற்பனை ஒப்பந்தம்! நரி குதிரையானது 7ஆம் நூற்றாண்டு அப்பர் தேவாரத்திலேயே இருக்கு, அதனால கதையே இந்த வியாபாரத்தில பிறந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கயிறு சந்தையிலிருந்து வந்த கயிறுதான். காலையில் லாயத்தைத் திறந்தால் பணமும் இல்லை, குதிரையும் இல்லை என்ற திறைசேரிப் பயம் அதில் இருக்கு. அந்தக் கோபத்தில்தான் அமைச்சரை வைகை மணலில் வெயிலுக்கு நிறுத்துகிறான் பாண்டியன்.

கடிபட்ட பழைய குதிரைகள் பற்றிக் கதையில் பெரிதாக எதுவும் இல்லை. கடல் தாண்டி வந்து, அவித்த சோறு தின்று, கட்டின கயிற்றோடயே செத்ததுகள். இப்ப லொறிச் சத்தத்தில எனக்கு நினைவு வாறது நரிகள் இல்லை, அதுகள்தான்.