சுரைக்குடுக்கை

முற்றி உலர்ந்த சுரைக்காயின் கூடு. உள்ளீட்டை நீக்கி, கலமாகவும் மிதவையாகவும் இசைக்கருவியின் உறுப்பாகவும் அலங்காரப் பொருளாகவும் பயன்படுத்தப்படுவது. கொங்குநாட்டில் சுரைப்புருடை என்பர்.

சுரை ஆப்பிரிக்காவுக்கு உரிய கொடி என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கின்றனர். அது பரவிய வழியில்தான் கருத்து வேறுபாடு. அமெரிக்கச் சுரை ஆசியாவிலிருந்து மனிதரோடு சென்றது என்றது 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கில் தானே மிதந்து சென்றிருக்கலாம் என்றது 2014ஆம் ஆண்டு ஆய்வு. மாதக்கணக்கில் உப்புநீரில் மிதந்த காயின் விதையும் முளைப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது.

புறநானூற்றின் 116ஆம் பாட்டில், பாரி மகளிர் தங்கியிருந்த எளிய இடத்தைச் சுற்றிப் பீர்க்கும் சுரையும் படர்ந்திருப்பதைக் கபிலர் காட்டுகிறார். இடைக்காலத்தில் சுரைக்குடுக்கை துறவியரின் நீர்க்கலமாக அறியப்படுகிறது.

கொங்கில் இதன் பயன்பாடு கிணற்றோடு பிணைந்தது. கோவைக்கு வடக்கே சரவணம்பட்டியைச் சுற்றிய மேட்டுநிலங்கள் கிணற்றை நம்பியவை. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கி மின்மோட்டார் பரவும்வரை மாடு பூட்டிக் கவலை கட்டி நீரிறைத்தனர். பிள்ளைகள் நீந்தப் பழகியதும் அந்த ஆழக் கிணறுகளில்தான். இரண்டு புருடைகளைக் கயிற்றால் பிணைத்து முதுகில் கட்டிவிடுவார்கள்; கை கால் அடிக்கத் தெரிந்தபின் ஒன்றைக் கழற்றுவார்கள். பனையேறிகள் கள்ளும் பதநீரும் இறக்க இதை இடுப்பில் தொங்கவிட்டனர். எடையற்றது, மரத்தில் மோதினாலும் மண்கலயம்போல் எளிதில் உடையாது. 1987 சனவரி முதல் கள்ளுக்குத் தடை வந்தபின் இத்தேவை குறைந்தது. அடுத்த பட்டத்துக்கான விதையைச் சாம்பலில் புரட்டி இதனுள் இட்டு, அடுப்புப் புகை படும்படி உத்தரத்தில் கட்டும் பழக்கமும் இருந்தது. எளிய சேமிப்பு முறைகளில் இதைவிட நேர்த்தியானதைக் காண்பது அரிது.

காய் கொடியிலேயே முற்றிக் காம்பு காயும்வரை விடப்படும். காம்போடு அறுத்து நிழலில் தொங்கவிட்டால், பருமனைப் பொறுத்துச் சில வாரம் முதல் சில மாதம்வரை ஆகும். மேலே பூஞ்சணம் படர்வது இயல்பு. தோட்டை அமுக்கினால் குழியாதவரை அது கெட்டுவிடவில்லை. குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். பிறகு ஊறவைத்து மேல்தோலைச் சுரண்டி, கழுத்தில் துளையிட்டு, நீரூற்றி உள்சதையை அழுகவிட்டு, கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் கழுவுவர். கசப்பு அகலும்வரை பலமுறை நீர் மாற்ற வேண்டும். தோடு தடித்த நாட்டு இனங்களே இதற்கு ஏற்றவை. சந்தைக்கென இளசாகப் பறிக்கும் ஒட்டுரகங்கள் உலரும்போது பெரும்பாலும் சுருங்கிவிடும்.

இசையில் மகுடியின் காற்றறையாகவும் தஞ்சாவூர் வீணையின் மேற்குடமாகவும் சுரை இடம்பெற்றது. வீணையில் இப்போது காகிதக்கூழும் பிற பொருள்களும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன.

அண்மைக் காலத்தில் சத்தீசுகரின் பஸ்தரிலும் கர்நாடகத்தின் மைசூரிலும் துளையிட்ட சுரைவிளக்குகள் செய்யப்படுகின்றன. கொங்கிலோ, சரவணம்பட்டி 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருகி, தோட்டங்கள் மனைகளாயின. ஆயினும் வீட்டுத்தோட்ட ஆர்வலர் சிலர் குடுவை வடிவ நாட்டுச்சுரையை மாடியில் பந்தலிட்டு வளர்த்து, உலர்த்தி, வண்ணம் தீட்டுகின்றனர்.