சுவருக்கு உள்ளே இருக்கும் எதிரி: செஞ்சியும் கூடங்குளமும்

எங்க ஊர் செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டைச் சுவர்தான் ஞாபகம் வரும். மூன்று மலைகளை இணைத்து சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் சுவர் அது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் நான் சொல்லப்போவது சுவரைப் பற்றி அல்ல.

1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழ 1698 ஆனது! இடையில் மொகலாயப் பாசறையிலேயே ஒரு கூத்து நடந்தது. ஔரங்கசீப்பின் சொந்த மகன் காம் பக்ஷ், ராஜாராமோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒற்றர்கள் மூலம் விஷயம் தெரிந்து, சுல்பிகர் கானும் அவர் தந்தை ஆசாத் கானும் இளவரசரையே கைது செய்தார்கள். எதிரே கோட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரிந்திருக்குமா?

இன்று கணினிப் பாதுகாப்பில் இதே வேலைக்கு 'த்ரெட் ஹன்டிங்' என்று பெயர். எதிரி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு அவன் தடயத்தைத் தேடுவது. இதற்குப் பெரிதும் பயன்படும் தளம் வைரஸ்டோட்டல். 2004-ல் ஸ்பெயினில் தொடங்கியது, 2012-ல் கூகுள் வாங்கியது. சந்தேகமான ஃபைலைப் போட்டால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும். பின்னால் வந்த வசதிகள்தான் முக்கியம். 'யாரா' என்ற விதிகளை எழுதி, பழைய ஃபைல்களிலும் தேடலாம், இனி வருபவற்றையும் கண்காணிக்கலாம். 2021-ல் வந்த 'கலெக்ஷன்ஸ்' வசதியில், ஒருவர் கண்ட தடயங்களைத் தொகுத்து மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். 2019 அக்டோபர் 28-ல், வைரஸ்டோட்டலில் இருந்த 'டிட்ராக்' வைரஸ் ஒன்றில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் இருப்பது வெளியே தெரிந்தது. மறுநாள் நிலையத்தின் பதில்: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படவில்லை, தாக்குதல் சாத்தியமே இல்லை. அதாவது, 'எங்கள் சுவர் பெரியது!' அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் ஒரு கணினியில் வைரஸ் இருந்தது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-லேயே அதைக் கவனித்துச் சொல்லியிருந்தது. அணு உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு பாதிக்கப்படவில்லை என்பது ஆறுதல். ஆனால் மக்களுக்குத் தெரிய கிட்டத்தட்ட எட்டு வாரம் ஆனது.

பகிர்வதிலும் ஆபத்து உண்டு. அந்தத் தளத்தில் ஏற்றும் ஃபைலை, பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் இறக்கிப் பார்க்க முடியும். அலுவலக ரகசியங்களைத் தெரியாமல் ஏற்றினால் நாமே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். எதைக் கொடுப்பது, எதை மறைப்பது என்று யோசித்துத்தான் செய்யவேண்டும்.

இருந்தாலும் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒருவர் ஏற்றிய ஃபைலை இன்னொருவர் தேடிப் பார்த்ததால்தான் கூடங்குளம் விஷயம் வெளியே வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதிரிக்குத்தான் லாபம். அடுத்தமுறை ராஜகிரி ஏறும்போது சுவரின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே யார் இருந்தார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்!