சோனம் நிலைப் பனிச்சரிவு (2016)

சோனம் நிலைப் பனிச்சரிவு என்பது, 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றில் இந்தியத் தரைப்படையின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்த நிகழ்வு. அவர்கள் இருந்த காவல்நிலை ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் உயர்ந்த சிகரமான ஆனைமுடி 8,842 அடிதான்.

பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டினர்: வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை, தேனி மாவட்டம் குமணன்தொழுவின் லான்ஸ் ஹவில்தார் குமார், மதுரை மாவட்டத்துச் சிப்பாய் கணேசன், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிப்பாய் ராமமூர்த்தி. திருவில்லிபுத்தூரிலோ இராசபாளையத்திலோ நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடருக்கு அப்பால், வருசநாட்டுப் பக்கம் இருக்கிறது குமணன்தொழு. இந்தப் பகுதியில் குளிர் என்றால், மார்கழி விடியலில் காதைத் துணியால் மூடிக்கொள்ளும் அளவுதான்.

1984 ஏப்ரல் 13 அன்று 'மேகதூத்' நடவடிக்கையின் மூலம் இந்தியப் படை சியாச்சினில் நிலைகொண்டது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்தன, சாவு ஓயவில்லை. எதிர்த்தரப்பிலும் இதே கதைதான். 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் இருந்த பாகிஸ்தான் முகாமைப் பனி மூடியதில் 140 பேர் இறந்தனர்.

பனிச்சரிவு என்றதும் மலையே உருண்டு வருவதாக மாணவர்கள் நினைப்பதுண்டு. அப்படியல்ல. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு படலமாகப் படிகிறது. இரு படலங்களுக்கு நடுவே பிடிமானம் இல்லாத துகள்கள் இருந்தால், புதுப்பனியின் எடையோ, காற்று அள்ளிவந்து குவித்த பனியோ, ஒரு மனிதனின் காலடியோ போதும். மேற்படலம் பலகைபோலப் பெயர்ந்து சரியும். 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளே மிக ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அதிகம் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். (நீலகிரியின் அவலாஞ்சிக்கு வாய்த்த பெயரும் பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான், ஆனால் அங்கே சரிந்தது மண்.) சோனத்தில் நடந்தது வேறு வகை. உயரே நின்ற பனிக்கட்டிச் சுவரே உடைந்து முகாமின் மேல் விழுந்தது.

பனியில் புதைந்தவர்களில் முதல் கால் மணி நேரத்துக்குள் மீட்கப்படுவோர் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சோனத்தில் பாறைபோல் இறுகிய பனிக்கட்டியை வெட்டித் தோண்ட வேண்டியிருந்தது. தரையை ஊடுருவும் ரேடார் கருவிகளும், டாட், மிஷா என்ற மோப்ப நாய்களும் தேடலில் உதவின. எவரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றே நாடு நம்பிவிட்டது. பிப்ரவரி 8 இரவு, சுமார் 25 அடிக்குக் கீழே, கர்நாடகத்தின் தார்வாடு மாவட்டத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் அனுமந்தப்பா கொப்பத் உயிருடன் கிடைத்தார். கூடாரத்துக்குள் சிக்கிய காற்று அவரைக் காத்திருந்தது. ஆனால் தில்லி இராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார்.

மற்ற ஒன்பது பேரின் உடல்கள் தில்லி வந்து சேர்ந்தது பிப்ரவரி 15 அன்று. மோசமான வானிலையால் ஹெலிகாப்டர்கள் பறக்க முடியாமல், உடல்கள் மலையிலேயே காத்திருந்தன. அதன் பிறகே அவை சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டன.