ஆறே நாளில் ஓர் அவசரச் சட்டம்

1957 கேரளத் தேர்தல் முடிவைப் போன வாரம் பார்த்தோம். 126 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்கு 60. கைகொடுத்த சுயேச்சைகள் 5 பேர். ஏப்ரல் 5-ம் தேதி இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் 11 பேர் பதவியேற்றார்கள். அதில் ஒரே பெண் கே.ஆர்.கௌரி. வயது 37, இலாகா வருவாய்த் துறை.

சேர்த்தலை பக்கம் பட்டணக்காடுதான் ஊர். சட்டம் படித்து வக்கீலானவர். 1948-ல் தேர்தலில் நின்று தோற்றார். சிறைக்கும் போனார். 1952, 1954 இரண்டு முறையும் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்கு ஜெயித்து வந்தார்.

பதவியேற்று ஆறே நாளில், ஏப்ரல் 11-ல், ஓர் அவசரச் சட்டம் வந்தது. குத்தகைதாரரையும் குடிசை போட்டு இருப்பவரையும் நிலத்தை விட்டு வெளியேற்றத் தடை. ஏன் இத்தனை அவசரம்? நிலச் சீர்திருத்த மசோதா சட்டசபையைத் தாண்ட மாதக்கணக்காகும். அதுவரை ஜென்மிகள், அதாவது நிலவுடைமையாளர்கள், கையைக் கட்டிக்கொண்டிருப்பார்களா? இருப்பவர்களைக் கிளப்பிவிட்டால், சட்டம் வரும்போது உரிமை கேட்க ஆளே மிஞ்சாது. அந்த ஓட்டையைத்தான் முதலில் அடைத்தார் கௌரி.

அடுத்து வந்த விவசாய உறவுகள் மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31-ல் மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. 1967-ல் கௌரி மீண்டும் அமைச்சரானார். 1963-ம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பல் முளைக்க வைத்த திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1969 அக்டோபரில் அது நிறைவேறிய சில நாட்களில் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது! 1970 ஜனவரி 1-ல் அதை அமலாக்கியவர் வேறொரு முதல்வர், அச்சுத மேனன்.

சொந்த வாழ்க்கையையும் அரசியல் விடவில்லை. 1957-ல் சக அமைச்சர் டி.வி.தாமஸை மணந்தார். 1964-ல் கட்சி இரண்டானபோது அவர் சி.பி.ஐ., இவர் சி.பி.எம். மணவாழ்க்கையும் முறிந்தது.

1987 தேர்தலில் முதல்வர் ஆவார் என்று பேச்சு. நாயனாரை உட்கார வைத்தது கட்சி. 1994-ல் கட்சியை விட்டே நீக்கியது. தனிக்கட்சி கண்டு, ஆயுள் முழுக்க எதிர்த்த காங்கிரஸின் அணியில் சேர்ந்து, 2001-ல் ஏ.கே.ஆன்டணி அமைச்சரவையில் வேளாண் அமைச்சரானார். கொள்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அவருடைய அரூர் தொகுதி அப்போது கைவிடவில்லை. 2006-ல் அங்கே தோற்றார். 2021 மே 11-ல் காலமானபோது வயது 101.

அணி மாறியதை விமர்சிக்கலாம். ஆனால் 1969-ன் திருத்தச் சட்டத்தால் குத்தகை முறையே ஒழிந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் குடிசை போட்டிருந்தவருக்கு 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. முதல்வர் நாற்காலி அவருக்குக் கிடைக்கவே இல்லை. கேரளத்தின் பல முதல்வர்கள் செய்ததைவிட, அவர் செய்தது பெரிது.

1959-ல் அந்த முதல் ஆட்சியைச் சாய்த்த 'விமோசன சமரம்' பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)